பொலித்தீன் கழற்றாத பற்றரி

"மிஸ், ஜெனரேட்டரை ஏத்திக்கொண்டு போக லொறி வந்து நிக்குது. நிப்பாட்டட்டாம்."

வாட்டு வாசலில் நின்று சிற்றூழியன் மஹ்ரூப் இதைச் சொன்னபோது, தாதி ஸல்ஹா இராசநாயகத்தின் மூக்கில் ஒக்சிசன் குழாயைச் செருகிக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"எதை நிப்பாட்ட?"

"ஜெனரேட்டரைத்தான். சூடு ஆறினாத்தான் ஏத்தலாமெண்டு லொறிக்காரன் அவசரப்படுத்துறான். கிண்ணியாவில இன்னொரு லோட் இருக்காம் அவனுக்கு."

தலையணை அடுக்கி நிமிர்த்திவைத்திருந்த கட்டிலில் இராசநாயகம் ஒரு மூச்சை இழுத்தார். அதைக் கதைக்கச் செலவழிக்கலாமா என்று யோசித்தார். பிறகு செலவழித்தார்.

"மஹ்ரூப் நானா, என்னையும்... சேத்து ஏத்தச் சொல்லுங்கோ. அதுவும் நானும்... ஒரே புகை குடிச்ச ஆக்கள்."

"வாயை மூடிக்கொண்டு மூச்சை எடுங்க அண்ணே," என்றாள் ஸல்ஹா.

வெளியே மார்கழி மழை விடாமல் கொட்டியது. முதல்நாள் பின்னேரம் குறிஞ்சாக்கேணிப் பக்கம் மரம் முறிந்து லைனில் விழுந்ததிலிருந்து கரண்ட் இல்லை. களப்போரத்து ஆஸ்பத்திரி, ஆணுக்கொரு வாட்டு, பெண்ணுக்கொரு வாட்டு, ஒரு பிரசவ அறை, ஒரேயொரு டொக்டர். இராசநாயகத்தின் கால்மாட்டில் சின்ன அலுமாரி அளவில் ஒரு மெசின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஒக்சிசனைப் பிரித்துக் குழாயில் அனுப்புகிற மெசின். கரண்ட் இருந்தால் மனிசனுக்கு மூச்சு. கரண்ட் இல்லாவிட்டால், பின்பக்கக் கொட்டிலில் நிற்கிற பழைய டீசல் ஜெனரேட்டரால் மூச்சு. இரண்டும் இல்லாவிட்டால் மூலையில் ஒற்றைச் சிலிண்டர். அதுவும் அரைவாசி.

கிளிவெட்டியில் நெல்லு ஆலை ஒன்றில் காலமெல்லாம் உமித்தூசுக்குள் நின்ற மனிசன் அவர். மகள் கலியாணம் கட்டி இந்தப் பக்கம் வந்த பிறகு தானும் வந்துவிட்டார். மாரி தொடங்கினால் நெஞ்சு இறுகும். வந்து இந்தக் கட்டிலில் படுப்பார். தை பிறந்தால் எழும்பிப் போவார். இந்த முறை எழும்புவாரா என்று ஸல்ஹாவுக்கே சொல்லத் தெரியவில்லை.

"காக்கா, நான் வாறவரைக்கும் நிப்பாட்ட விடாதீங்க," என்று மஹ்ரூபிடம் சொல்லிவிட்டு அவள் டொக்டரிடம் போனாள்.

டொக்டர் இராகுலன் மேசையில் இருந்த பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். விருந்தாளிகளுக்கு வாங்கிய பூங்கொத்து. வெளியே ஓ.பி.டி. மண்டபத்தில் நாலு பேர் கதிரை அடுக்கி, சுவரில் ஒரு பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். 'டீசலுக்கு விடை' என்று பச்சை எழுத்து. கீழே பல்கலைக்கழகங்களின் சின்னங்கள், உள்ளூரும் வெளியூரும்.

"டொக்டர், ஜெனரேட்டரைக் கொண்டு போகப் போறாங்களாம்."

"தெரியும் மிஸ். மேலிடத்து முடிவு."

"நோயாளி இங்க கிடக்கிறார். மேலிடம் எங்க கிடக்குது?"

டொக்டர் நெற்றியைத் தேய்த்தார். இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற மனிசன். யாரோடும் பகைக்க அவருக்கு நேரமில்லை. "ஆராய்ச்சி முடிவு வந்திட்டுது. நாங்கள் பாவிக்கிற கரண்டைப் பதினொரு மாசம் அளந்திருக்கினம். எங்களுக்கு அந்தச் சோலர் பற்றரி போதுமாம். டீசலுக்கு இனிக் காசு வராது. பொறியியல் படிச்ச ஆக்கள், மருத்துவ பீடத்து ஆக்கள், வெளிநாட்டில எரிசக்திக் கொள்கை எழுதுற ஆக்கள் எல்லாரும் சேந்து சொல்லுறதை நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்ல?"

"அப்ப இராசநாயகம் அண்ணன்?"

"பற்றரியின்ர பச்சைப் பிளக்கில போடுங்கோ. அதுக்குத்தானே அது இருக்கு?"

பச்சைப் பிளக்கில் போடுவது என்பது ஸல்ஹாவுக்குத் தோன்றவே இல்லை. ஒருநாளும் போட்டதில்லை. அவள் நேரே பற்றரியைப் பார்க்கப் போனாள்.

மருந்துக் களஞ்சிய அறையின் ஒரு மூலையில் அந்தப் பற்றரி நின்றது. வெள்ளை நிறம், ஆள் உயரம், முகப்பில் ஒரு சின்னத் திரை. கூரைத் தகட்டின் மேல் பதித்த சோலர் பலகைகளிலிருந்து வயர் இறங்கி அதற்குள் போகிறது. அதிலிருந்து வாட்டுகளுக்கு வருகிற வயர்களின் முடிவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய புதுப் பிளக்குகள். கொண்டுவந்து வைத்தபோது சுற்றியிருந்த தடித்த பொலித்தீன் இன்னும் அதன் உடம்பில் இருந்தது. திரை தெரிய மட்டும் சதுரமாக வெட்டி, ஓரத்துக்கு டேப் ஒட்டியிருந்தது.

அதற்கு முன்னால் சேலைன் பெட்டியொன்றின் மேல் குந்தி, மடியில் கணினியோடு இருந்தாள் நிஷாந்தினி. ஆராய்ச்சி உதவியாளர். பதினொரு மாசமும் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்து பஸ் ஏறி வந்து கணக்கு எடுத்துப் போனது அவள்தான்.

"வாங்கோ அக்கா. இண்டைக்கு உங்கட ஆஸ்பத்திரிதான் ஹீரோ."

"எனக்கு ஒண்டு காட்டு. நாங்க எவ்வளவு கரண்ட் பாவிக்கிறம் எண்டு எழுதியிருக்கிறீங்க?"

நிஷாந்தினி கணினியைத் திருப்பினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு, களப்புத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. "லைட், ஃபேன், தடுப்பூசி ஃபிரிஜ். இவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சக் கரண்டில ஒரு ஆஸ்பத்திரி ஓடுதெண்டு வெளிநாட்டு ஆக்களுக்கு நம்பவே ஏலாமப் போச்சு. இதை வைச்சுத்தான் மற்றச் சின்ன ஆஸ்பத்திரியளுக்கும் சிபாரிசு எழுதியிருக்கு. எல்லா இடத்திலயும் ஜெனரேட்டரை எடுக்கலாமெண்டு."

"ஒக்சிசன் மெசின் எங்க இதில?"

"அதை நீங்கள் பாவிக்கிறேல்லைத்தானே?"

"அந்தச் சத்தம் கேக்குதா உனக்கு?"

நிஷாந்தினி காது கொடுத்தாள். மழைக்கும் ஜெனரேட்டர் இரைச்சலுக்கும் நடுவில், வாட்டிலிருந்து அந்தப் பெருமூச்சு விட்டுவிட்டு வந்தது. அவள் முகம் மெல்ல இறங்கியது.

"இதில ஓடேல்ல அக்கா."

"ஜெனரேட்டர்ல ஓடுது. பழைய பிளக்கால. கரண்ட் இருக்கிற நாளிலயும் அதே பிளக்கிலதான் ஓடுது. கத்தி கத்தரிக்கோல் அவிக்கிற மெசின், பிறந்த பிள்ளைக்குச் சூடு பிடிக்கிற மெசின், சளிக்குப் புகை குடுக்கிற மெசின் எல்லாம் அதிலதான்."

"ஜெனரேட்டரையும் பழைய லைனையும் நாங்கள் அளக்கேல்ல. அது ஆராய்ச்சிக்கு வெளியால."

"ஆராய்ச்சிக்கு வெளியால," என்று ஸல்ஹா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பழைய பிளக்கில ஏதும் ஓடுதோ தெரியாதெண்டு எழுதிக் குடுத்தனான்." நிஷாந்தினியின் குரல் உள்ளே போனது. "பேராசிரியர் சேர் அதை அடிக்குறிப்பில போட்டவர்."

ஸல்ஹா கொட்டிலுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது, ஆனால் யார் மேல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பச்சைப் பிளக்கைத் தாண்டிப்போய் பழைய பிளக்கில் மெசினைக் கொளுவியது அவளுடைய கையும்தானே.

இதற்கு ஆதி காரணம் ஈ.சி.ஜி. மெசின். யாரோ அன்பளிப்புச் செய்தது. வந்து வருஷம் ஆகும் முன்னம் அது பழுதாகிப் போனது. அரச ஆஸ்பத்திரியில் ஒரு பொருள் பழுதானால் பொருளை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதற்குக் கையெழுத்து வைத்தவனைத்தான் பார்ப்பார்கள். கையெழுத்து வைத்தவன் ஜெமீல் என்கிற ஒரு சிற்றூழியன். விசாரணை, விசாரணை என்று திருகோணமலைக்கு அலைக்கழித்து, கடைசியில் கண்காணாத இடத்துக்குத் தூக்கி எறிந்தார்கள். அதன் பிறகு பற்றரி வந்தது. அதற்குக் கையெழுத்து வைத்தது மஹ்ரூப்.

மஹ்ரூப் வீட்டில் புதுக் கதிரை வாங்கினால் அதன் பொலித்தீன் மகளின் கலியாணம் முடிகிறவரை கழலாது. அப்படிப்பட்ட மனிசன். பற்றரி பூட்டிய பொடியன் போகும்போது, "கனக்கப் போட்டா அடிச்சுப் பழுதாயிரும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அது போதும். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம்: பச்சைப் பிளக் லைட்டுக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் மட்டும். பாரமான எல்லாம் பழைய பிளக்குக்கு. எல்லாரும் கேட்டார்கள். எவருக்கும் இன்னொரு ஜெமீலைப் பார்க்க விருப்பமில்லை. மாசாமாசம் பல்கலைக்கழக வாகனம் வரும்போது மஹ்ரூப் பொலித்தீனை ஈரத்துணியால் துடைத்து வைப்பான். வந்தவர்கள், "எவ்வளவு அக்கறையாப் பராமரிக்கிறீங்கள்!" என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கொட்டிலில் லொறிக்காரனோடு வழக்காடிக்கொண்டு நின்ற மஹ்ரூபை அவள் ஓரமாக இழுத்தாள்.

"காக்கா, நாங்க பற்றரியப் பாவிக்காததால, எங்களுக்குப் பற்றரியே போதுமெண்டு எழுதிட்டாங்க."

அவன் கண் விழித்தான். "பாவிக்காததை எப்படி மிஸ் போதுமெண்டு எழுதுவாங்க? மூளை இல்லையா?"

"எங்களுக்கு இருந்ததா? நீங்க பெட்டகம் மாதிரி மூடி வைச்சீங்க. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தன்."

"நான்தானே தங்கச்சி கையெழுத்து வைச்சனான்!" கோபத்தில் அவனுக்கு 'மிஸ்' மறந்து போனது. "அடிச்சா ஆருக்கு விசாரணை? உனக்கா? எனக்கு நாலு பொம்புளப் புள்ளைகள்!"

அவளுக்குத் தகப்பனின் ஞாபகம் வந்தது. அவளுடைய வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். முதுகு ஒடியும் மட்டும் தூக்கிவிட்டு, கொந்தராத்துக்காரன் வந்து நிற்கும்போது மட்டும் நிமிர்ந்து நின்று காட்டுவார், ஆள் ஏலாதவன் என்று நாளைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவானோ என்று. கொந்தராத்துக்காரன் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு மூட்டை ஏற்றலாம் என்று போவான். நாங்களும் அதைத்தான் செய்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். வந்தவனுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றிருக்கிறோம்.

வாகனங்கள் வந்து நின்றன. பேராசிரியர் ஞானசேகரம் குடையோடு இறங்கினார். வெளுத்த தலை, நல்ல மனிசன் என்று எல்லாரும் சொல்லுகிற முகம். கூடவே மேலிடத்து அலுவலர் ஒருவர், மழைக்குக் காற்சட்டையை மடித்துவிட்டபடி. ஸல்ஹா ஓ.பி.டி. வாசலிலேயே மறித்தாள்.

"சேர், ஜெனரேட்டரைக் கொண்டு போகாதீங்க. உங்கட கணக்கு பிழை."

பேராசிரியர் சிரித்தார். "பதினொரு மாசத் தரவு, பிள்ளை. என்ன பிழை?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பொலித்தீனையும் சொன்னாள், பழைய பிளக்கையும் சொன்னாள், தன் கையையும் சொன்னாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கேட்டார்:

"அப்ப எங்கட பேட்டியில 'பற்றரியால ஒரு குறையும் இல்லை' எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான்."

"பிறகு?"

"பற்றரி நல்லா இருக்குதா எண்டு கேட்டீங்க. அது நல்லாத்தான் இருக்கு. புத்தம் புதுசா இருக்கு. மூச்சு ஏலாத ஆளுக்கு எதில கரண்ட் குடுக்கிறீங்க எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

"பிள்ளை, டீசல் புகையால வருஷம் வருஷம் எத்தினை பேர் நெஞ்சு வருத்தத்தில விழுகினம் தெரியுமோ? இது உங்கட நோயாளியளுக்காகத்தான்."

"விழுறவங்களைத் தூக்கிப் படுக்க வைக்கிறது நாங்கதான் சேர். எங்களுக்குத் தெரியும். டீசல் வேணுமெண்டு ஆர் அழுதது? பெரிய பற்றரியக் கொண்டுவந்து வைச்சிட்டு ஜெனரேட்டரைத் தூக்குங்க, நானே லொறிக்குத் தள்ளி விடுறன்."

அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். பேராசிரியர் அவளுடைய தோளைத் தட்டுகிறாற்போல் கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கினார். "ஒரு நோயாளிக்காக ஒரு கொள்கையை மாத்த ஏலாது. தேவையெண்டா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ."

"அம்புலன்ஸ் வெள்ளத்துக்கு அங்கால நிக்குது."

"அப்ப பச்சைப் பிளக்கில போடுங்கோ. அது தாங்கும்."

"சரி," என்றாள் ஸல்ஹா. "எல்லாத்தையும் போடுறன். ஒரு நாளைக்கு நாங்க பாவிக்கிற எல்லாத்தையும். நீங்க பேச்சைத் தொடங்குங்க."

டொக்டர் இராகுலன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தாண்டிப் போகும்போது காதோடு சொன்னார்: "சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ. நான் ஒண்டும் பாக்கேல்ல."

ஜெனரேட்டர் இரைச்சல் நின்றது. ஆஸ்பத்திரி முழுக்க மழைச் சத்தம் மட்டும் நிரம்பியது. ஸல்ஹா அதற்கு முன்னமே ஒக்சிசன் மெசினைப் பச்சைப் பிளக்குக்கு மாற்றியிருந்தாள். பிரசவ அறையில் கத்தியும் கத்தரிக்கோலும் அவிக்கிற மெசின், குழந்தைக்குச் சூடு பிடிக்கிற மெசின் எல்லாம் வழக்கமான காலை வேலை. அதையெல்லாம் பச்சைக்கு இழுத்தாள். களஞ்சிய அறையில் மஹ்ரூப் பற்றரிக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

"மூச்சு விடாமப் புழுங்கி அடிச்சிரப் போகுது. அந்தப் பொலித்தீனைக் கழட்டுங்க காக்கா."

"மிஸ்..."

"நீங்கதான் கையெழுத்து. நீங்கதான் கிழிக்கணும்."

அவன் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். பிறகு ஒரே இழுவையில் உரித்தான். சர்ரென்று ஒரு சத்தம். வெறும் உடம்போடு நின்ற வெள்ளைப் பெட்டியைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் இங்க நிண்டு சொல்லுறன் அக்கா, எவ்வளவு மிச்சமெண்டு," என்றாள் நிஷாந்தினி. கூரைப் பலகைகளுக்கு மேல் வானம் கரிச்சட்டி மாதிரிக் கவிழ்ந்து கிடந்தது. மேலே இருந்து பற்றரிக்குள் எதுவும் இறங்கவில்லை.

ஸல்ஹா கட்டிலருகில் கதிரை போட்டு இருந்தாள். ஒரு கையில் சிலிண்டர் திறக்கிற சாவி. வாட்டுக் கதவு திறந்திருந்தது. மண்டபத்திலிருந்து பேராசிரியரின் குரல் மைக்கில் கணீரென்று வந்தது. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி வைக்கக் கொண்டுவந்த கெற்றிலும், சுவரில் படம் காட்டுகிற மெசினும் பச்சைப் பிளக்கில்தான் இருந்தன. அதைக் கொளுவியது அவளில்லை. அவர்களேதான்.

"...இலங்கையின் சிறிய வைத்தியசாலைகள் டீசலில் இருந்து விடுதலை பெறும் நாள்..."

"ஆருக்கு விடுதலை?" என்று கேட்டார் இராசநாயகம்.

"ஜெனரேட்டருக்கு."

"நான் எங்க... இருக்கிறன் அந்தக் கதையில?"

"அடிக்குறிப்பில."

"அடிக்குறிப்பெண்டா?"

"பக்கத்துக்குக் கீழ, சின்ன எழுத்தில போடுறது. ஒருத்தரும் வாசிக்கிறதில்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்து மறித்தது. அவள் முதுகைத் தடவினாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.

கதவில் நிஷாந்தினி தலை நீட்டினாள். "பாதிக்குக் கீழ வந்திட்டுது." போனாள். அடுத்த முறை வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "கெற்றிலைக் கழட்டிட்டன். படம் காட்டுறதையும் நிப்பாட்டிட்டன். இறங்கிக்கொண்டுதான் போகுது. சேருக்குச் சைகை காட்டினன், அவர் பேசிக்கொண்டு நிக்கிறார்."

"...இந்த ஊழியர்களின் அர்ப்பணிப்பு இல்லாமல் இந்த ஆய்வு—"

மைக் செத்தது. பேராசிரியரின் குரல் ஒரு மனிசனின் குரல் அளவுக்குச் சுருங்கிப் போனது. ஃபேன்கள் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன. கால்மாட்டு மெசின் பெருமூச்சை நடுவில் விட்டுவிட்டு, கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஸல்ஹா அந்தக் கத்தலுக்கு முன்னமே எழும்பியிருந்தாள். குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் செருகினாள், சாவியைத் திருப்பினாள். சீ என்று காற்று வந்தது. சிலிண்டர்த் தலையில் இருந்த முள் அரைவாசிக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"இழுங்க அண்ணே. என்னைப் பாருங்க. இழுங்க."

அவர் உதட்டில் நீலம் ஏறி, நிதானித்து, கொஞ்சம் இறங்கியது.

பேராசிரியர் வாட்டுக்குள் வந்தார். பின்னால் அலுவலர், டொக்டர், நிஷாந்தினி. பதினொரு மாசத்தில் அவர் இந்த வாட்டுக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வரும்போதே கோபமாக வந்தார். "ஆர் சாமான் அவிக்கிற மெசினை அதில போட்டது? இது வேணுமெண்டு செய்த வேலை! இப்படிப் பாவிச்சா எந்த மின்தொகுதியும்..."

கட்டிலைப் பார்த்தார்.

"வேணுமெண்டுதான் செய்தன்," என்றாள் ஸல்ஹா. "ஒவ்வொரு நாளும் செய்யிறதைத்தான் வேணுமெண்டு செய்தன். அவிக்காத கத்தியால பிள்ளைப்பெறு பாக்கச் சொல்லுறீங்களா? அதையும் எழுதித் தாங்க."

இராசநாயகம் ஒரு விரலைத் தூக்கினார். "சேர்... நான்தான்... அடிக்குறிப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் சிலிண்டர் முள்ளில் இருந்தது. அது சும்மா நிற்கிறாற்போலத்தான் தெரிந்தது. ஆனால் நிற்கவில்லை.

"ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்கோ," என்றார் டொக்டர் இராகுலன். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவர் உரத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதானாக இருக்கும்.

ஸல்ஹா சாவியை டொக்டரின் கையில் திணித்துவிட்டு மழைக்குள் ஓடினாள்.

கொட்டில் வெறுமையாக இருந்தது. ஜெனரேட்டர் லொறியின் மேல் ஏறியாகிவிட்டது. நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வயர் அறுந்த கொடி மாதிரித் தரையில் கிடந்தது. லொறிக்காரன் பீடியை அணைத்துவிட்டு ஸ்டியரிங் சீற்றில் ஏறிக்கொண்டிருந்தான்.

"இறக்குங்க! ஆள் சாகப்போகுது!"

"இறக்க எனக்குக் கடுதாசி வேணும், மிஸ். ஏத்தின கடுதாசிதான் என்னட்ட இருக்கு."

அவள் திரும்பினாள். அலுவலர் குடைக்குள் வந்து நின்றார். "நீங்க சொல்லுங்க, இறக்கச் சொல்லி."

அலுவலர் மென்று விழுங்கினார். "ஏத்துறதுக்குத்தான் எனக்கு அதிகாரம் தந்திருக்கு. இறக்குறதுக்கு... நான் ஒரு கோல் எடுத்துக் கேக்கவேணும்." போனை எடுத்தார். மழைக்குச் சிக்னல் இல்லை. போனை உயர்த்தி உயர்த்தி, சுவரோரமாக நடந்தார்.

ஸல்ஹாவுக்குக் கத்த வாய் வந்தது. அதற்கு முன்னால் அவளைத் தள்ளிக்கொண்டு ஒரு உருவம் லொறிச் சில்லில் கால் வைத்து மேலே ஏறியது. மஹ்ரூப். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். தோளில் அந்த வயர்.

"டேய், என்ன செய்யிறாய்? அது என்ர பொறுப்பில ஏத்தின சாமான்!" என்று லொறிக்காரன் கத்தினான். "கையெழுத்து வைச்சிட்டன்!"

"வைச்சனிதானே, இரு," என்றான் மஹ்ரூப். "விசாரணைக்கு ரெண்டு பேரும் சேந்து போவம்."

கயிற்றை அவிழ்க்கவில்லை. கட்டினது கட்டினபடி, லொறியில் நின்ற ஜெனரேட்டருக்குக் குனிந்து வயரைக் கொளுவினான். இத்தனை வருஷமும் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூடத் தொடாத மனிசன். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கால் வடிந்தது. ஸ்டார்ட் பண்ணுகிற நாடாவை ஒரு தரம் இழுத்தான். பிடிக்கவில்லை. இன்னொரு தரம். கறுப்பாய் ஒரு புகை கக்கி, லொறி முழுக்கக் குலுங்க அது உயிர் பிடித்தது.

"மிஸ், ஓடுங்க! பழைய பிளக்குக்கு மாத்துங்க!"

அவள் ஓடினாள். வாட்டில் நிஷாந்தினி ஏற்கெனவே கட்டிலுக்கடியில் தவழ்ந்து பிளக்கைப் பழைய இடத்தில் செருகியிருந்தாள். மெசின் ஒருமுறை கனைத்து, பிறகு பெருமூச்சு விடத் தொடங்கியது. டொக்டர் குழாயை மாற்றினார். சிலிண்டரை மூடினார். முள்ளில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம் இருந்தது.

பேராசிரியர் சுவரோரம் நின்றார். சப்பாத்தெல்லாம் சேறு. பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஸல்ஹா அதைக் கண்டாள்.

"நிஷாந்தினி, இந்த மின்சுமையெல்லாத்தையும் குறிச்சீங்களோ? இது முக்கியமான விஷயம். பாவனையாளர் பயத்தால ஒரு தொகுதியைப் பாவிக்காம விடுறது... இதை ஆரும் எழுதேல்ல. இது தனி ஒரு கட்டுரையாவே—"

"சேர்," என்றாள் நிஷாந்தினி, தரையிலிருந்து எழும்பி, முழங்காலைத் தட்டியபடி. "முதல் எழுதினதைத் திருப்பி எடுங்கோ. மற்ற ஆஸ்பத்திரியளுக்குப் போன சிபாரிசை. அதுக்குப் பிறகு இதை எழுதுவம். இல்லாட்டி நான் எழுதமாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"திருப்பி எடுக்கிறதெண்டா லேசில்லைப் பிள்ளை. மூண்டு பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டது. எனக்கு இன்னும் தரவு வேணும்."

ஸல்ஹா தான் இருந்த கதிரையைக் காலால் தள்ளினாள். கட்டிலுக்குக் கிட்டவாக, இராசநாயகத்தின் வாயிலிருந்து வருகிற சுவாசம் படுகிற தூரத்தில் அது போய் நின்றது.

"தரவு வேணுமெண்டா இருங்க சேர். இங்க இருந்து அளங்க. கரண்ட் வரும் மட்டும் இருங்க."

வெளியே லொறிக்காரன் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான். போகவும் ஏலாது, இறக்கவும் ஏலாது, வயர் ஜன்னலால் உள்ளே வந்திருந்தது. அலுவலர் இன்னும் போனை உயர்த்திக்கொண்டு திரிந்தார். பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வாசலில் மஹ்ரூப் நனைந்து நின்றான், போகிறவருக்கு வழி விடுகிற மாதிரி அல்ல.

பேராசிரியர் கதிரையில் இருந்தார்.

"கொஞ்சம் கிட்ட... வாங்கோ சேர்," என்றார் இராசநாயகம். "என்ர மூச்சை... எனக்குச் சத்தமா எண்ண ஏலாது. நீங்கள் எண்ணுங்கோ."